சன்னலோர மேசை

பிரிஞ்சாங் மலை நகரில் புதிதாகத் திறந்த இத்தாலிய-ஜப்பானிய உணவகத்தின் சன்னலோர மேசையில், சாயங்கால வெயில் கண்ணாடிக் குவளைகளுக்குள் இறங்குகிறது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெறும் பாஞ்சாலைக்கு விருந்து வைக்க, பன்னிரண்டு பேருக்கென்று கூட வேலை செய்யும் புவனேஸ் போன மாதமே பதிவு செய்த மேசை அது. மேனேஜரோ வந்தவர்களின் ரப்பர் செருப்புகளைப் பார்த்துவிட்டு, சமையலறைக் கதவோர மேசையைக் கைகாட்டுகிறான்.

"சன்னல் மேச வேற ஆளுக்கு புக் ஆயிருச்சு."

புவனேஸுக்குக் காது மடல் கொதிக்கிறது. "யாருக்கு? பேரச் சொல்லுங்கலா!" அவன் கையிலிருக்கும் முன்பதிவுப் பட்டியலைப் பிடுங்கி, தன் பெயர்மேல் விரலை அழுத்துகிறாள்.

"விடு புவனேஸ், எங்க உக்காந்தா என்ன," என்று பாஞ்சாலை அவள் முழங்கையை இழுக்கிறாள்.

"இல்லக்கா. இங்கதான் உக்காரணும்."

பாஞ்சாலை தயங்கித் தயங்கி நாற்காலி நுனியில் உட்காருகிறாள். மேனேஜர் ஏதோ சொல்கிறான். மற்றவர்கள் நாற்காலிகளை இழுக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.