பதினாறாவது திருகாணி

குழந்தையைத் தொட்டிலில் போடும் விழா அன்று, அந்த அறையில் இருந்தவர்கள்: புது மரத் தொட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, தலையணை ஒன்று, துணி முயல் ஒன்று, தொட்டிலைச் சுற்றிக் கட்டிய ஜரிகைத் தோரணம் ஒன்று, தொட்டிலில் பூட்டிய திருகாணிகள் பதினைந்து. பதினாறாவது திருகாணி தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

"என்னை விட்டுவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள்! இடப்பக்கத் தடுப்பு ஆடுகிறது. குழந்தை சாய்ந்தால் தடுப்போடு கீழே விழும்!"

"கடையில் எப்போதும் ஒன்று கூடுதலாகப் போடுவார்கள். நீ வெறும் மிச்சம்," என்றது தலையணை.

"நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு!" என்றது தோரணம்.

"போட்டோவில் நீ தெரியவா போகிறாய்?" என்று முயல் சிரித்தது.

"சீ! போட்டோவுக்கா தொட்டில்? தொட்டில் அண்ணே, ஆடுவது உங்களுக்குமா தெரியவில்லை?"

தொட்டில் முனகியது. "தெரியும். எல்லாரும் அழகு அழகு என்கிறார்களே. விழா முடியட்டும், தம்பி."

திருகாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெத்தையைத் தட்டிப்போட அப்பா உள்ளே வந்தார். அது உருண்டு போய் அவர் குதிகாலில் கூர்முனையை ஏற்றியது.

"ஐயோ!" என்று அவர் தடுப்பைப் பிடித்தார். தடுப்பு கையோடு வந்தது.

அவர் முகம் வெளுத்தது. உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே வீசினார், தோரணத்தைப் பிய்த்தார், தொட்டிலைக் கவிழ்த்துத் திருகாணியை முடுக்கினார். நிமிர்த்தி உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. மெத்தையை மட்டும் விரித்தார்.

குழந்தை படுத்ததும் தூங்கிவிட்டது. மற்றவற்றை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டிலில் திருகாணிகள் பதினாறு. தரையில் மிச்சம் மூன்று பேர்.