ஏழு துணி வானவில்

வானவில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, தையல்காரர் நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இன்னும் இரண்டடி போனார். தான் செய்ததைத் தானே ரசிக்கக் கொஞ்சம் தூரம் வேண்டியிருந்தது.

மகளுக்கு இன்று ஏழு வயது. வீட்டின் முன்னறைதான் கடை. அதுதான் இன்று விழா மண்டபமும். தையல் மெஷினைப் போர்த்தி மூலையில் தள்ளியாகிவிட்டது. துணி வெட்டும் மேசையில் கேக் இருந்தது. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வானவில்.

காகிதம் இல்லை, பலூன் இல்லை, எல்லாம் துணி. அதிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு துணி. சிவப்புக்கு வெல்வெட், ஆரஞ்சுக்கு வரிவரியான கார்டுராய், மஞ்சளுக்குத் துவாலைத் துணி, பச்சைக்குக் கம்பளி, நீலத்துக்கு சாட்டின், கருநீலத்துக்கு ஜீன்ஸ், ஊதாவுக்கு வலைத்துணி. உள்ளே பஞ்சடைத்துக் கை கனத்துக்குத் தைத்திருந்தார்.

மூன்று வார வேலை. கஸ்டமர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று கூசாமல் சொல்லிச் சேர்த்த நேரம்.

எல்லாம் ஒரு வார்த்தை செய்த வேலை. போன மாதம் அண்ணன் மகனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தார்கள். ஆள் வைத்துச் செய்த பலூன் வானவில், கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வந்த பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்தார்கள். யாரும் கிட்டே போய்விடக் கூடாதென்று குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

திரும்பும் வழியில், வானவில் எப்படி என்று மகளிடம் கேட்டார்.

"அங்க ஒண்ணுமே இல்லப்பா."

அண்ணி காதில் விழுந்திருந்தால் அன்றோடு போக்குவரத்து நின்றிருக்கும். தையல்காரருக்கோ அந்த வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. இவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். இன்றும் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால்?

இன்னொரு உறுத்தலும் இருந்தது. சாட்டின் வழுக்குகிற துணி. வெட்டும்போது நழுவி, நீலப் பட்டை ஒரு சாண் குறைந்துபோனது. கைவசம் வேறு சாட்டின் இல்லை. உள்வளைவுக்கு நீளம் குறைவாக இருந்தால் போதும். அதனால் நீலத்தை ஒரு படி உள்ளே தள்ளி, அதன் இடத்தில் ஜீன்ஸை வைத்துத் தைத்துவிட்டார். பார்க்க இரண்டும் நீலம்தானே. இருபது வருடத் தொழிலில் இப்படி எத்தனை அட்ஜஸ்ட்மென்ட் செய்திருப்பார், யார் கண்டுபிடித்தார்கள்.

முதலில் வந்தவர் முந்தாநாள் மாடிக்குக் குடிவந்த டீச்சர். பள்ளியில் ஓவிய வகுப்பு எடுப்பவர். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலைப்பாடு பிரமாதம் மாஸ்டர். ஆனா ஒண்ணு மின்னுது, ஒண்ணு மங்கலா இருக்கு. இன்னும் கொஞ்சம் மேல மாட்டியிருந்தா போட்டோவுக்கு நல்லா வரும்."

"அவ கைக்கு எட்டணும் டீச்சர்" என்றார் தையல்காரர். பிடித்த மூச்சை விட்டார். ஓவிய டீச்சருக்கே தெரியவில்லை.

பிள்ளைகள் வந்து அறையை ரெண்டாக்கினார்கள். கூட வந்த அம்மாக்கள் வானவில்லின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மனைவி, மகளைப் புது கவுனில் உள்ளறையிலிருந்து அழைத்துவந்தாள். வானவில்லின் முன்னால் நிறுத்திவிட்டுக் கையை விட்டாள்.

மகள் வெல்வெட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கார்டுராயை நகத்தால் கிர்ரென்று இழுத்தாள். வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத் துணிகளோடு வளர்ந்தவள் அவள். எந்தத் துணிக்கு எந்த நிறம் என்பது அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். துவாலை, கம்பளி என்று ஒவ்வொன்றாக நிதானமாக உள்ளே வந்தாள்.

ஐந்தாவது பட்டையில் அவள் கை நின்றது. ஆறாவதுக்குப் போனது. மறுபடி ஐந்தாவதுக்கே வந்தது.

"கருநீலம் எப்படிப்பா நீலத்துக்கு முன்னால வந்துச்சு?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அருகே வந்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். "அட, ஆமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இருபது வருடத்தில் முதல்முறையாகத் தையல்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டார். வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கேட்டீர்களா, என் மகள் சொன்னதைக் கேட்டீர்களா என்று ஆளாளுக்கு விசாரிக்காததுதான் பாக்கி.

"சாட்டின் பத்தலடா கண்ணு. நாளைக்குப் பிரிச்சுத் தைச்சுடறேன்."

"நிஜ நாளைக்கா, கஸ்டமர் நாளைக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். மகள் கடைசிப் பட்டையான வலைத்துணியையும் ஒருமுறை தடவி முடித்தாள்.

"இங்க ஏழும் இருக்குப்பா."

விழாவுக்காக வீட்டில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. அதனால் அம்மா நீட்டிய வெள்ளைக் கோலை வாங்கிக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டி, கேக் இருந்த மேசைக்கு அவளே நடந்து போனாள்.