நியூட்ரல் கம்பி

"யார் சார் இந்தப் பெட்டியத் திறந்தது?"

மெயின் போர்டுக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார் இன்சூரன்ஸ் ஆய்வாளர். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து சுமந்துவந்த தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்து, வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மின்சாரம் எகிறியதில் ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் கருகிவிட்டன. காப்பீட்டுப் பணம் வந்தால்தான் புது மோட்டார்.

"இடி விழுந்துதுங்க," என்றாள் மனைவி.

"அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துதேம்மா!"

"லைன்ல கோளாறோ என்னமோ," என்றார் வீட்டுக்காரர்.

"அப்படின்னா தெருவே கருகியிருக்கணுமே. இங்க பாருங்க. நியூட்ரல் கம்பியக் கழட்டிட்டு, திரும்ப சரியா முறுக்காம விட்டிருக்காங்க. அது நழுவினதும் வோல்டேஜ் எகிறிடுச்சு."

சோபாவில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை செல்போனில் மூழ்கியிருந்தார்.

ஆய்வாளர் குரலைத் தணித்தார். "சார், நான் உங்க எதிரி இல்ல. நீங்களே கைவெச்சிருந்தா சல்லிக்காசு கிடைக்காது. வேற யாராவது செஞ்சிருந்தா ஆளச் சொல்லுங்க. உங்களுக்கு முழுசா குடுத்துட்டு, கம்பெனி அந்த ஆளுக்கு நோட்டீஸ் விட்டு வசூல் பண்ணிக்கும்."

மனைவி கணவரின் காதருகே வந்தாள். "எலக்ட்ரீஷியன்னு சொல்லித் தொலைங்களேன்."

"செய்யாதவன் தலையில கட்டச் சொல்றியா? சும்மா இரு."

"கடைசியாக் கேக்கறேன் சார். யாரு?"

வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நான்தான் சார். மாடி ரூமுக்குத் தனி லைன் இழுக்கலாம்னு நோண்டினேன்," என்றார் வீட்டுக்காரர்.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மாப்பிள்ளை செல்போனைக் கீழே வைத்தார்.

"என்ன மாமா நீங்க? தெரியாத வேலையில கைவைக்கலாமா? பாவம், அத்தை தண்ணி சுமக்கறாங்க."

"தப்புதான் மாப்பிள்ளை. இனிமே தொட மாட்டேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, யார் தடுத்தும் கேட்காமல் மெயின் போர்டைத் திறந்து மாடிக்கு லைன் இழுத்தவர் மாப்பிள்ளை. அவர் ஏறி நின்ற ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டது மட்டும்தான் மாமனார் செய்த வேலை.