மறந்துவிட்டுப் படித்த நாவல்

தூத்துக்குடி வாசகர் வட்டத்தில் யாருக்கு எந்த மர்ம நாவல் பிடிக்கும் என்று நேசமலரிடம்தான் கேட்பார்கள். படித்து முடித்த நாவலைப் புதிதாகப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு மருந்துக் கடையில் அந்தக் கதையை மட்டும் மறக்கடிக்கும் மறதி மாத்திரை கிடைத்தது. தனக்கு மிகவும் பிடித்த கலங்கரை விளக்கக் கொலைக் கதைக்காக அவளும் ஒன்றை விழுங்கினாள்.

இரண்டே நாளில் படித்து முடித்தாள். கொலையாளி யாரென்று தெரிந்தபோது துள்ளி எழுந்தாள். அவ்வளவு சந்தோஷம். நேரே கணவன் அந்தோணிராஜிடம் போனாள்.

"என்னங்க, இதைக் கட்டாயம் படிங்க. முடிவை நீங்க யோசிச்சே பார்த்திருக்க மாட்டீங்க."

"இதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கியே. மணியாச்சி ஸ்டேஷன்ல."

"நானா? எப்ப?"

"பதினோரு வருஷம் ஆச்சு. ரயில் லேட்டு. பக்கத்துல இருந்த என்கிட்ட பாதிக் கதையைச் சொன்ன, அதுக்குள்ள ரயில் வந்துருச்சு. மீதியைக் கேக்கத்தான் உன் நம்பரை வாங்கினேன்."

அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஸ்டேஷனும் இல்லை, ரயிலும் இல்லை. கதையோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.

"நாம எப்படிச் சந்திச்சோம்னே எனக்குத் தெரியலையே" என்றாள்.

அந்தோணிராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அதுக்கென்ன, நான் சொல்றேன். முடிவுதான் உனக்கே தெரியுமே."

"தெரிஞ்சா என்ன?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு விடாம, மெதுவா சொல்லுங்க."