ஸாரி பிறந்த கதை

போனைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

நேற்று விருந்தாளிகள் முன்னால் கணவர் சொன்ன ஒரு தகவலைத் திருத்தினாள். அவர்கள் போனபிறகு சமையலறையில் அதற்குக் கிடைத்த பரிசு. கையை முறுக்கிவிட்டு, நிதானமாக டிவி பார்க்கப் போய்விட்டார்.

இன்று ஞாயிறு. சொற்கள் பிறந்த கதை சொல்லும் அவருடைய யூடியூப் சேனலுக்குப் பதிவு செய்யும் நாள்.

"வணக்கம், நான் உங்கள் பேராசிரியர் தணிகைநாதன்."

உங்களாம். ஊருக்கெல்லாம் சொந்தமான மனிதர்.

இன்றைய சொல், ஸாரி.

காலையிலிருந்து அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். காபி கொடுக்கும்போது காத்திருந்தாள். இட்லி வைக்கும்போதும். அந்த ஒரு சொல் வந்தால் இருந்துவிடலாம், வராவிட்டால் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

வந்தேவிட்டது. அவளுக்கு அல்ல, போனுக்கு.

மனிதர் உருகினார். வலியையும் புண்ணையும் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது பிறந்ததாம். ஆதியில் வலி நிறைந்தவன் என்று பொருளாம். இப்போதோ பஸ்ஸில் காலை மிதித்தவன்கூடத் திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போகிறானே என்று வருத்தப்பட்டார். குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பென்று தள்ளிவிட முடியாது. சொற்களுக்காக அவருக்கு நிஜமாகவே அழுகை வரும்.

கருமம், என்று நினைத்துக்கொண்டாள்.

உணர்ச்சிவேகத்தில் அவர் காலை நகர்த்த, தரையில் கிடந்த அகராதியில் பாதம் பட்டது.

பதறிப்போனார்.

பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்தார். அகராதியைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஒருமுறை போதாதென்று இன்னொரு முறை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முதுகு வளையும் என்றே இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியாது.

நிமிர்ந்தவர் போனைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அதை வெட்டிடாதடி. இருக்கட்டும். ஜனங்களுக்குப் பிடிக்கும்."

அவள் போனைக் கேமரா மேலே பார்க்க முக்காலியில் வைத்தாள். அது மின்விசிறியைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

வாசலுக்குப் போகும் வழியில் அகராதி அப்படியே கிடந்தது. கும்பிட்டவர் எடுத்து வைக்கவில்லை.

சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். நேராகவே போனாள். கால் நன்றாகவே பட்டது.

"ஏய், புத்தகம்!" என்று அலறினார்.

அவள் குனியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.