கோடு விழாத எண்

மழை வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் அழுக்காக நிற்கிறது. உதவி மையத்து மேசைப் பெண், முனை சுருண்ட நோட்டைப் புரட்டுகிறாள். ஊரில் யார் என்ன உதவி செய்கிறார்கள் என்று எழுதிவைத்த நோட்டு; நின்றுபோன சேவைகளின் மேல் பென்சில் கோடு. பக்கத்துக்கு முக்கால்வாசி கோடுதான். எதிரே பெரியவர், ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருக்கிறார். "ஒருவேளைச் சாப்பாடு வீட்டுக்கு வந்தாப் போதும்மா. மாடிப்படி இறங்க முடியல." "இருங்கய்யா, ஒண்ணு இருக்கு. தனியா இருக்கிறவங்களுக்கு வீடு தேடிவந்து குடுப்பாங்க." கோடு விழாத அந்த எண்ணை மேசைத் தொலைபேசியில் அழுத்துகிறாள். பெரியவரின் சட்டைப்பையில் கைபேசி அலறுகிறது. அவர் எடுக்கவில்லை. இருவரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நான்தாம்மா அது. பதினொரு வருஷம் சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்தேன். முட்டி போனதும் நிறுத்திட்டேன், இங்க சொல்ல விட்டுப்போச்சு. இப்ப வேற யாராச்சும் செய்றாங்களோன்னுதான் வந்தேன்." சத்தம் அடங்குகிறது. அவள் பென்சிலை எடுக்கிறாள். நரம்பு புடைத்த விரல்கள் நோட்டின் மேல் வந்து படிகின்றன. "கோடு போடாதேம்மா. யாராச்சும் கூப்பிட்டா, இல்லைன்னு சொல்லவாவது ஒரு ஆள் இருக்கட்டும்."