நூற்றுக்கு இருபது கூட

கல்முனையில் நளீமின் ரேடியோ திருத்தும் கடைக்கு, ரஜிதன் தன் கிட்டார் அம்ப்ளிபையரை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்தான். மனைவி விதுசாவும் கூட வந்திருந்தாள்.

“நளீம் நானா, சத்தம் இன்னும் மந்தமாத்தான் வருது. சனிக்கிழமை கலியாண வீட்டில வாசிக்கணும். இப்பிடியே போனா என்னை பேண்டில இருந்து எடுத்துப்போடுவாங்க.”

நளீம் உள்ளேயிருந்த ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார்.

“எழுதியிருக்கிற அளவை விட நூத்துக்கு இருபது கூடக் காட்டுது தம்பி. இதைச் செய்யிற கம்பனிக்காரங்க அவ்வளவு வித்தியாசத்தை விடுவாங்கதான். ஆனா அது கூரான சத்தத்தையெல்லாம் திண்டிரும்.”

பல கெப்பாசிட்டர்களை அளந்து, சரியான ஒன்றைப் பற்றவைத்தார். ரஜிதன் வாசித்தான்.

“ஓம், இப்ப நல்லாத் தெளிஞ்சிட்டு” என்றாள் விதுசா.

“எங்க? அப்பிடியேதானே இருக்கு.”

நளீம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதையும் கழற்றிவிட்டு, பாதி அளவே உள்ள இன்னொன்றை வைத்தார்.

“இப்ப வாசிங்க.”

ரஜிதன் கண்ணை மூடிக்கொண்டு கவனமாக வாசித்தான்.

“இதும் அதே மாதிரித்தான் நானா” என்று கண்ணைத் திறந்தான்.

விதுசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கடைக்காரர் முகத்தைச் சுளித்தபடி வாசலுக்கு வந்திருந்தார்.

பதினெட்டு வருடமாக ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்த ரஜிதனின் விரல்கள் கம்பியில் அப்படியே நின்றன.

“நானா, அப்ப பழுது இதில இல்லையா?”

நளீம் மீட்டரை அணைத்தார்.

“இல்ல தம்பி. ஆஸ்பத்திரியில காதுக்கு டொக்டர் இருக்கார். நானும் வாறன், போவம்.”